கடல்நீர் மீன்தொட்டியைப் பழக்குதல்

முன்னுரை

புதிய மண்பானையை வாங்கிவந்த அன்றே அதில் உலையேற்றும் வழக்கம் நம் இல்லங்களில் இல்லை. அரிசி கழுவிய நீரை ஊற்றி வைத்து, சில நாள் பழக்கிய பின்னரே அது சமையலுக்கு ஆகும். புதிய தோசைக்கல்லுக்கும் இதுவே முறை. பழக்காத பானை விரிசல் காணும். பழக்காத கல்லில் மாவு ஒட்டிக்கொள்ளும். அவ்விழப்பு ஒரு பானையோடும் ஒரு தோசையோடும் முடிந்துவிடும். பழக்காத மீன்தொட்டியிலோ இழக்கப்படுவது உயிர்.

விலங்கியல் ஆய்வகங்களிலும் வரவேற்பறைகளிலும் கடல்நீர் மீன்தொட்டி அமைக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. ஆர்வம் நன்று, அவசரம் நன்றன்று. காலையில் தொட்டியை நிறுவி, நண்பகலில் உப்புநீர் நிரப்பி, மாலையில் மீன்களை விடுவோர் பலர். ஒரு வாரத்திற்குள் அம்மீன்கள் ஒவ்வொன்றாக நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவித்து மடிகின்றன. வளர்த்தவர் மீனின் வலிமையின்மையைக் காரணமாகக் கூறுவார். அல்லது விற்றவரைப் பழிப்பார். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. மீனின் கழிவை நஞ்சற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் அத்தொட்டியில் இன்னும் குடியேறவில்லை என்பதே அது. மீன் வளர்ப்போர் இதனைப் 'புதுத்தொட்டி நோய்' என்பர். உண்மையில் இது மீனுக்கு வந்த நோயன்று, தொட்டியின் குறை.

அந்நுண்ணுயிர்களைக் குடியேற்றி, பெருக்கி, அவை பணிக்கு ஆயத்தமாகிவிட்டன என்பதை அளந்து உறுதி செய்தலையே இக்கட்டுரை 'பழக்குதல்' என்னும் சொல்லால் குறிக்கின்றது.

தெளிந்த நீரெல்லாம் நன்னீர் அன்று

மீன்கள் உணவிலுள்ள புரதத்தைப் பயன்படுத்திய பின் எஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவைத் தருகின்றது. பரந்த கடலில் இக்கழிவு கணப்பொழுதில் கரைந்து போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது போவதற்கு இடமில்லை. அம்மோனியாவுக்கு நிறமும் இல்லை. ஆகவே பளிங்கு போன்ற நீரிலும் அது கொல்லும் அளவில் இருத்தல் கூடும்.

நீரிற் கரைந்த அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. இது அத்துணைக் கொடியதன்று. மற்றொன்று கட்டற்ற அம்மோனியா; இதுவே செவுளை ஊடுருவிச் சென்று கெடுக்கும். இவ்விரண்டின் விகிதத்தை முடிவு செய்வது நீரின் பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் ஆகும். 25 பாகை செல்சியசில், பி.எச். 7 உள்ள குளத்து நீரில் மொத்த அம்மோனியாவில் கட்டற்ற பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது 6 அல்லது 7 விழுக்காடு. அதாவது, ஒரே அளவு கழிவு நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் பத்து மடங்கு கொடியதாகிறது.

கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 0.02 மில்லிகிராமை மீறலாகாது என்று எச்சரிப்பது மீன் வளர்ப்பு வழக்கம். கடல்நீரில் மொத்த அம்மோனியா 1 மில்லிகிராம் என்றாலே கட்டற்ற பங்கு ஏறத்தாழ 0.06 ஆகிவிடும், எல்லையைப்போல் மும்மடங்கு. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்களும் கடல்நீர்த் தொட்டியில் இடறுவதன் காரணம் இதனால் விளங்கும்.

மாற்றத்தின் படிகள்

இயற்கை இந்நஞ்சைப் படிப்படியாக மாற்றுகின்றது. முதற்படியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக்குகின்றன. இரண்டாம் படியில் வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, எனினும் கடல்நீரில் மிகுதியாக உள்ள குளோரைடு அயனிகள், நைட்ரைட்டு செவுள் வழியே நுழைவதைப் பெரிதும் தடுக்கின்றன. நைட்ரேட்டு மிகக் குறைந்த நச்சுத்தன்மை உடையது. அதனை அவ்வப்போது நீர் மாற்றிக் குறைக்கலாம். ஆக்சிஜன் புகாத பாறையின் உட்துளைகளில் வாழும் பிறிதொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றுவதும் உண்டு. எனினும் புதுத்தொட்டியில் அதனை எதிர்பார்த்தல் இயலாது.

முதல் இருபடி நுண்ணுயிர்களும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஆக்சிஜனேற்றம் செய்வதால் கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. ஆகவே அவற்றின் பெருக்கம் மெதுவானது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஏற்ற சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவை ஒருமுறை இரட்டிக்கப் பல மணி நேரமும், சிலபோது ஒரு நாளும் அதற்கு மேலும் ஆகும். பழக்குதலுக்கு வாரக்கணக்கில் காலம் வேண்டுவது இதனாலேயே.

இவ்வறிவு வந்த வழி

இங்கிலாந்து நாட்டு வேதியியல் அறிஞர் இராபர்ட் வாரிங்டன், நீர்வாழ் செடியும் மீனும் நத்தையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பதை 1850ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். மீன் வெளிவிடும் கரியமில வளியைச் செடி ஏற்று ஆக்சிஜன் தரும். அழுகும் இலைகளை நத்தை உண்ணும். இதுவே அவர் கண்ட சமநிலை. பின்னர்க் கடல்நீரிலும் அம்முயற்சியைத் தொடர்ந்தார். 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்கள் காணும் மீன்காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்குவேரியம்' என்னும் பெயரைப் பரப்பியது. ஆயினும் அச்சமநிலையில் ஓர் உறுப்பு எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. அதுவே நைட்ரஜனை மாற்றும் நுண்ணுயிர்.

அதனைக் காட்டியவர்கள் மீன் வளர்த்தவர்கள் அல்லர். மண்ணையும் சாக்கடை நீரையும் ஆய்ந்தவர்கள். 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர் ஷ்லோசிங், மூன்ட்ஸ் ஆகிய இருவரும் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நெடுங்குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். முதல் இருபது நாள் அம்மோனியாவில் மாற்றம் ஏதுமில்லை. அதன் பின்னர் அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றலாயிற்று. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றுபோயிற்று. குளோரோபார்மை நீக்கி, வளமான மண்ணைக் கழுவிய நீரைச் சேர்த்தபோது மீண்டும் தொடங்கிற்று. வெறும் வேதிவினையாயின் இருபது நாள் காத்திருப்பானேன்? மயக்க மருந்துக்கு அடங்குவானேன்? வினைபுரிவது உயிர்ப்பொருளே என்பது தெளிவாயிற்று. கடல்நீர்த் தொட்டியைப் பழக்குவோர் இன்று காண்பதும் இதே இருபது நாள் அமைதியும் அதன்பின் வரும் மாற்றமுமே.

இதன் தொடர்ச்சியாக, அம்மாற்றம் இரு படிகளில், வெவ்வேறு உயிர்களால் நடைபெறுகின்றது என்பதை இராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்து காட்டியவரின் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். அவர் முன்னவரின் மைந்தர். தந்தை மீன்தொட்டியின் கண்ணுக்குத் தெரிந்த பாதியைக் கண்டார். மைந்தர் வயல்மண்ணை ஆய்ந்து, தெரியாத பாதியை அறிய வழி செய்தார். அந்நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்து வளர்த்த பெருமை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் செர்கே வினோகிராட்ஸ்கியைச் சாரும்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்திலுள்ள வெப்பக்கடல் தொட்டியிலிருந்து, பாக்டீரியா இனத்தைச் சேராத, ஆர்க்கியா என்னும் தொல்லுயிர் வகையைச் சார்ந்த ஓர் அம்மோனியா உண்ணி பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிட்டனர். கடலின் நைட்ரஜன் சுழற்சியில் அதன் உறவினங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பின்னர் அறியப்பட்டது. கடலின் மறைபொருளொன்று மீன்தொட்டியின் சரளைக்கல்லில் அகப்பட்டது எண்ணி மகிழத்தக்கதாகும்.

தொட்டியை அமைத்தல்

இனிச் செயல்முறையைக் காண்போம். விளக்கத்திற்காக 200 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். தொட்டி சிறிதாயின் வெப்பமும் உப்பும் விரைந்து மாறும். ஆகவே தொடக்க நிலையினர்க்கு இவ்வளவு பொருந்தும்.

குழாய்நீரில் உள்ள குளோரின் நாம் குடியேற்ற விரும்பும் நுண்ணுயிர்களையே கொல்லும். ஆகவே குளோரின் நீக்கிய நீரோ, சவ்வூடு வடிகட்டிய நீரோ வேண்டும். மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தன்மை வருமாறு கரைக்க வேண்டும். 200 லிட்டருக்கு 7 கிலோவும், கலவையில் ஈரமிருப்பின் சற்றுக் கூடுதலும் தேவைப்படும். சமையல் உப்பு இதற்கு ஆகாது. கடல்நீர் சோடியம் குளோரைடு மட்டுமன்று, மக்னீசியம், கால்சியம், சல்பேட்டு முதலியன சேர்ந்த கூட்டுப்பொருள். ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரையிலும், வெப்பநிலை 25 முதல் 27 பாகை வரையிலும், பி.எச். 8.1 முதல் 8.3 வரையிலும் இருத்தல் நன்று.

நீர் ஆவியாகும்போது உப்பு உடன் செல்வதில்லை. உப்பளம் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே குறைந்த நீரை நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டியும் உப்பளமாகிவிடும்.

நைட்ரஜனை மாற்றும் நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, பரப்பில் ஒட்டி வாழ்வதையே பெரிதும் விரும்புவன. மணல், நுண்துளைப் பாறை, வடிகட்டியின் பஞ்சு, சுட்ட மண்வளையங்கள் ஆகியவை அவற்றின் குடியிருப்பு. குடியிருப்புப் பரப்பு மிகுந்து, அதனூடே நீர் ஓயாது ஓட வேண்டும். நீர்படும் இடங்களில் செம்பும் பித்தளையும் இருத்தலாகாது. செம்பு முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குக் கொடிய நஞ்சு.

நுண்ணுயிர்க்கு உணவிடுதல்

தொட்டி அமைந்துவிட்டது, நுண்ணுயிர்க்கு இனி அம்மோனியா வேண்டும். அதனை அளிக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதல்வழி, டாம்செல் போன்ற உரமான சிறுமீன் ஒன்றை விட்டு, அதன் கழிவைக் கொண்டே தொட்டியைப் பழக்குதல். இது பழைய முறை. அம்மீன் பிழைத்தாலும் செவுள் புண்பட்டே பிழைக்கும். நஞ்சிருக்கிறதா என்று பார்க்க ஓர் உயிரை அனுப்பும் இம்முறை இன்று தேவையற்றது. அறிந்தோர் இதனை விலக்குகின்றனர்.

இரண்டாம் வழி, சமைக்காத இறால் ஒன்றை இட்டு அழுகவிடுதல். எளிது, எங்கும் கிடைக்கும். ஆனால் நாற்றம் எழும். எவ்வளவு அம்மோனியா உண்டாகிறது என்பதும் நம் கட்டுப்பாட்டில் இராது.

மூன்றாம் வழி, அம்மோனியம் குளோரைடை அளந்து கரைத்தல். ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரம் இதுவே. ஆயினும் கடையில் விற்கும் நவச்சாரத்தில் மாசு கலந்திருத்தல் கூடும். ஆய்வகத் தரமான தூய பொருளே ஏற்றது. நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமாயின், 200 லிட்டருக்கு 400 மில்லிகிராம் நைட்ரஜன் தேவை. அம்மோனியம் குளோரைடின் மூலக்கூறு நிறை 53.5, அதில் நைட்ரஜன் 14. எனவே 400 மில்லிகிராமை 53.5ஆல் பெருக்கி 14ஆல் வகுக்க, ஏறத்தாழ 1.5 கிராம் கிடைக்கின்றது. கல்லூரி வேதியியல் தராசில் இதனை நிறுத்துவிடலாம். உயிர் எதுவும் இம்முறையில் துன்புறுவதில்லை. அளவும் நம் கையில் உள்ளது.

விதைக்காமல் விளையாது. பால் தயிராக உறைமோர் வேண்டுவது போல, நோயற்ற பழைய கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒருபிடி மணலோ வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டோ கொண்டுவந்து இட்டால் பழக்கும் காலம் சுருங்கும். ஷ்லோசிங்கும் மூன்ட்சும் மண் கழுவிய நீரைச் சேர்த்தது இதற்கு முன்னோடி. இந்நுண்ணுயிர்களைப் புட்டியில் அடைத்து விற்பதும் உண்டு. அவற்றின் உயிர்த்தன்மை சேமித்து வைத்த முறையைப் பொறுத்தது. எதனைச் சேர்த்தாலும் அளந்து பார்க்கும் கடமையிலிருந்து விடுதலை இல்லை.

ஒரு சிறு கணக்கு

நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மட்டும் உண்பதில்லை. ஆக்சிஜனையும் நீரின் காரத்தன்மையையும் சேர்த்தே செலவிடுகின்றன. மாணவர்கள் இக்கணக்கை உணர்ந்தால் பல இடர்களைத் தவிர்க்கலாம்.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நாம் இட்ட 2 மில்லிகிராமுக்கு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. ஆனால் 26 பாகை வெப்பமுள்ள கடல்நீர் தன்னுள் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவு. நன்னீரிலாவது 8க்குச் சற்று மேல் இருக்கும். ஆகவே காற்றைக் குமிழியாக்கிச் செலுத்தும் கருவியும் நீர்மட்டத்தைக் கலக்கும் ஓட்டமும் இரவும் பகலும் நிற்காமல் நடைபெற வேண்டும். மின்தடைக் காலத்திற்கென மின்கலத்தால் இயங்கும் காற்றுக்கருவி ஒன்றை ஆயத்தமாக வைத்திருத்தல் அறிவுடைமை.

அடுத்தது காரத்தன்மை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது, கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை செலவாகின்றது. பழக்கும் காலம் முழுவதிலும் 2 மில்லிகிராம் வீதம் நான்கு முறை அம்மோனியா இட்டோம் என்று கொள்வோம். மொத்தம் 8 மில்லிகிராம் நைட்ரஜன். செலவாகும் காரத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 57 மில்லிகிராம். இயற்கைக் கடல்நீரில் உள்ளதோ ஏறத்தாழ 115. பாதி கரைந்துவிடுகின்றது! இதனால் பி.எச். சரியும்; சரிந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். இவ்விழப்பை 200 லிட்டர் தொட்டியில் ஈடுசெய்ய 19 கிராம் அளவு சமையல் சோடா போதும். சிறிது சிறிதாகக் கரைத்து, பி.எச். பார்த்துச் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, எஞ்சும் நைட்ரேட்டு. 1 மில்லிகிராம் நைட்ரஜன் 4.43 மில்லிகிராம் நைட்ரேட்டாகும். ஆகவே 8 மில்லிகிராம் நைட்ரஜன் 35 மில்லிகிராம் நைட்ரேட்டாகத் தொட்டியில் தங்கும். பாதி நீரை மாற்றினால் 18க்கு அருகில் வரும். பழக்குதல் முடிந்ததும் பெருமளவில் நீர் மாற்றுவது இதற்காகவே.

அளத்தலும் காத்திருத்தலும்

'எத்தனை நாளில் தொட்டி ஆயத்தமாகும்?' என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் வினா. பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் என்று கூறலாம். ஆனால் நாட்காட்டி இதற்கு விடை சொல்லாது. சோதனைக் குழாயே விடை சொல்லும்.

ஒரு பதிவேடு வைத்து, நாள், வெப்பநிலை, ஒப்படர்த்தி, பி.எச்., அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு என ஏழு நிரல்கள் வரைந்துகொள்க. இரு நாளுக்கு ஒருமுறை அளந்து எழுதுக. முதற்சில நாள்களில் அம்மோனியா அசையாது நிற்கும். பின்னர் அது இறங்கத் தொடங்கும். அதே வேளையில் நைட்ரைட்டு ஏறும். அம்மோனியா கீழே வந்ததும் மீண்டும் சிறிது இடுக. இல்லையேல் முதற்படி நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். நைட்ரைட்டு உச்சத்தில் சில நாளோ, ஒரு வாரத்திற்கு மேலோ தங்கி நிற்றல் இயல்பு. ஏனெனில், இரண்டாம் படி நுண்ணுயிர்களுக்கு உணவே முதற்படியின் விளைபொருள்தான். அவை பிந்தியே பெருகும். பின்னர் ஒருநாள் நைட்ரைட்டும் இறங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நைட்ரேட்டை அளக்கும் சோதனைப் பொருள்கள் பல, அதனை முதலில் நைட்ரைட்டாக மாற்றியே நிறம் காட்டுகின்றன. எனவே நீரில் நைட்ரைட்டு இருக்கும்வரை நைட்ரேட்டின் அளவு பொய்யாக உயர்ந்து தோன்றும். அதனைக் கண்டு பழக்குதல் முடிந்ததென மயங்கலாகாது.

இறுதித் தேர்வு ஒன்றே. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா இட்டு, 24 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஆகிய இரண்டும் சுழியாகி, நைட்ரேட்டு மட்டும் உயர்ந்திருப்பின் தொட்டி தேறிவிட்டது. ஒன்று தேறி மற்றொன்று தேறாவிடில், அது தேர்ச்சியன்று. மறுநாளும் இத்தேர்வை நடத்தி அதே விடை வருகிறதா எனப் பார்த்தல் இன்னும் உறுதி தரும்.

இடையில் தோன்றும் ஐயங்கள்

பல நாளாகியும் மாற்றம் நிகழாவிடில் ஐந்தினை நோக்குக. பி.எச். சரிந்துள்ளதா? நீரோட்டம் குறைந்துள்ளதா? குளோரின் கலந்த நீர் சேர்ந்ததா? அம்மோனியாவோ நைட்ரைட்டோ அளவுக்கு மீறி நுண்ணுயிர்களையே நெருக்குகின்றதா? பாஸ்பரஸ் முதலிய சிற்றூட்டங்கள் இல்லையா? இறுதிக் குறைக்கு ஒரு சிட்டிகை மீனிரை போதும். நெருக்கத்திற்கு நீர் மாற்றுதலே மருந்து.

நீர் சில நாள் பால்போல் கலங்குவதும், மணல்மீது பழுப்பு நிறப் படலம் படிவதும் உண்டு. முன்னது கரிமப்பொருளை உண்ணும் வேறு பாக்டீரியாக்களின் பெருக்கம். பின்னது டயாட்டம் என்னும் நுண்பாசி. இரண்டும் பெரும்பாலும் தாமே அடங்கும். பாசியைக் குறைக்க, பழக்கும் காலத்தில் விளக்கை அணைத்து வைக்கலாம். நைட்ரஜனை மாற்றும் நுண்ணுயிர்களுக்கு ஒளி தேவையில்லை. அழுக்கெனக் கருதி வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் அலசுவோர், வாரக்கணக்கில் வளர்த்த குடிகளை ஒரு நொடியில் அழிக்கின்றனர். அலச வேண்டுமாயின் தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே அலசுக.

நம் கடலும் நம் கடமையும்

கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையை இட்டால் தொட்டி விரைவில் பழகும் என்று அயல்நாட்டு நூல்கள் பல கூறும். உண்மையே, அப்பாறையின் துளைதோறும் நுண்ணுயிர்கள் முன்னரே குடியிருக்கின்றன. ஆயினும் அவ்வறிவுரையை நாம் அப்படியே பின்பற்ற இயலாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கற்களுக்காகவும் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்ட காலமும் இங்கு இருந்தது. அத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. 2001இல் கடினப் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளப்பாறையைப் பெயர்த்தெடுப்பது தண்டனைக்குரிய குற்றம். சில வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்த, பல நூற்றாண்டு வளர்ந்த பாறையை உடைப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. உலர்ந்த செயற்கைப் பாறையும் சுட்ட மண்துண்டுகளும் பொறுமையும் போதும். நுண்ணுயிர்கள் அவற்றிலும் குடியேறும்.

மீன்களைத் தேர்வதிலும் இக்கருத்து பொருந்தும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியுள்ளது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. கடலில் ஓரிடத்தை வெறுமையாக்கி வந்ததன்று.

உயிர்களை விடும் முறை

தேர்வு முடிந்து நீரும் மாற்றிய பின், மீன் வருவதற்குச் சில நாள் தாழ்ந்தால், சிறிதளவு அம்மோனியாவை இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். உண்ண ஏதுமின்றி நுண்ணுயிர்களின் ஆற்றல் குன்றிவிடக் கூடாது.

முதலில் ஓரிரு மீன்களையே விடுக. நுண்ணுயிர்களின் தொகை கிடைக்கும் கழிவின் அளவுக்கேற்ப அமைவது. ஒரே நாளில் பத்து மீன்களைச் சேர்த்தால் பழகிய தொட்டியும் திணறும். புதுமீனை இரு வாரத்திற்குக் குறையாமல் தனித்தொட்டியில் வைத்து நோய் உண்டா எனக் காண்க. பின்னர்ப் பையிலுள்ள நீரும் தொட்டிநீரும் வெப்பத்தாலும் உப்பாலும் ஒத்துவருமாறு, தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி விடுக. முதல் இரு வாரம் இரையைக் குறைத்து, நாள்தோறும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்க. இரண்டும் சுழியாகவே நின்றால் அடுத்த மீனைப் பற்றி எண்ணலாம். கடற்சாமந்தியும் பவளமும் போன்ற மென்மையான உயிர்களுக்கு இன்னும் பல மாதம் முதிர்ந்த தொட்டி வேண்டும். அவற்றுள் சட்டம் காப்பவற்றை நாடவே கூடாது.

முடிவுரை

கடல்நீர் மீன்தொட்டியில் நாம் முதலில் வளர்ப்பது மீனன்று. நீரை நீராக வைத்திருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே. அதனைக் கண்ணாற் காண இயலாது. அதன் செயலை அளந்தே அறிய வேண்டும். 1877இல் ஒரு குழாயருகே இருபது நாள் காத்திருந்த அறிஞர்களுக்கு, அக்காத்திருப்பே உண்மையைக் காட்டிற்று. வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு சில வாரம் பொறுத்திருத்தல் இளைஞர்களுக்கு எளிதன்று. வீட்டிலுள்ள சிறுவர்கள் 'மீன் எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருப்பர். அவர்கள் கையில் சோதனைக் குழாயைக் கொடுத்து, நிறம் மாறுவதைக் காட்டி, பதிவேட்டில் எழுதச் செய்யலாம். மீன் வருமுன்னரே அத்தொட்டி ஒரு பாடசாலை ஆகிவிடும்.

தன் விருப்பத்தால் வராத ஓர் உயிரை நாம் நம் வீட்டுக்குக் கொண்டுவருகின்றோம். அது வந்து சேருமுன் அதற்கு வாழ்தகு நீரை ஆயத்தம் செய்து வைத்தல் நம் கடமையாகும். அம்மோனியா சுழி, நைட்ரைட்டு சுழி என்று பதிவேடு கூறும் நாளே மீனை விடுதற்குரிய நாள்.